அணுமின்சாரம்: யாருடைய உடைமை? யாருடைய சுமை?

(ஐதராபாத்தில் கட்சி ஊழியர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த நகரத்தில் மின்சாரம் குறித்துப் பேசத் தொடங்கும் எவரும் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதியை மறந்துவிட்டுப் பேச முடியாது. உலக வங்கியின் நிபந்தனைகளின்படி ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் மின்வாரியம் துண்டாடப்பட்டது. கட்டணம் கடுமையாக உயர்த்தப்பட்டது. அதனை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் சட்டமன்றத்தை நோக்கிப் பேரணி நடத்தின. பஷீர்பாக்கில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, மூவர் உயிரிழந்தனர். மின்சாரம் எந்த எரிபொருளிலிருந்து கிடைக்கிறது என்ற கேள்வியோடு வேறு மூன்று கேள்விகளும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்பதை அந்தப் போராட்டம் நமக்குக் கற்பித்தது. அது யாருடைய உடைமை? செலவும் ஆபத்தும் யாருடைய தலையில் விழுகின்றன? பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது?

அணுமின்சாரத்தைப் பற்றிய இன்றைய விவாதத்தையும் இந்த மூன்று கேள்விகளின் வழியாகவே அணுக வேண்டியுள்ளது. ஏனெனில் 2025 டிசம்பரில் 'சாந்தி' என்ற பெயரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டத்தையும் ஒரே வீச்சில் நீக்கிவிட்டது. "உலகம் முழுவதும் அணுமின்சாரம் வளர்கிறது; இந்தியா பின்தங்கிவிட்டது; தனியார் வந்தால்தான் முன்னேற முடியும்" என்பதே இதற்கு ஆட்சியாளர்கள் கூறும் நியாயம். இந்த வாதம் உண்மைதானா என்பதை உலக நாடுகளின் அனுபவத்தைக் கொண்டே உரசிப் பார்ப்போம்.

ஐதராபாத்தில் உருவாகும் எரிபொருள்

அணுமின்சாரம் எங்கோ கடற்கரையில் உள்ள உலையில் பிறக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். இந்தியாவைப் பொறுத்தவரை அதன் பாதை இந்த நகரத்தின் வழியாகவே செல்கிறது. இங்கே மௌலாலி பகுதியில் 1971இல் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகத்திற்கு ஜார்க்கண்டின் ஜாதுகுடா சுரங்கங்களிலிருந்தும், கடப்பா மாவட்டத்தின் தும்மலப்பள்ளியிலிருந்தும் யுரேனியம் மஞ்சள் நிறச் சேர்மமாக வந்து சேருகிறது. அது தூய்மைப்படுத்தப்பட்டு, ஆக்சைடாக மாற்றப்பட்டு, சிறு வில்லைகளாக அழுத்தப்பட்டு, ஹைட்ரஜன் சூழலில் ஏறத்தாழ 1,700 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுக்கப்படுகிறது. அந்த வில்லைகள் சிர்க்கோனியம் உலோகக் கலவையாலான மெல்லிய குழாய்களுக்குள் அடுக்கப்படுகின்றன. 220 மெகாவாட் உலைகளுக்கு 19 குழாய்கள் சேர்ந்தால் ஒரு எரிபொருள் கட்டு. 700 மெகாவாட் உலைகளுக்கு 37 குழாய்கள்.

அந்தச் சிர்க்கோனியத்தின் மூலப்பொருளும் கடற்கரை மணலில்தான் இருக்கிறது. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களில் மணலிலிருந்து சிர்க்கான் பிரித்தெடுக்கப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இயங்கும் சிர்க்கோனியம் வளாகம் ஐதராபாத் நிறுவனத்தின் ஓர் அங்கமே. சிர்க்கோனியத்தோடு இயற்கையில் ஒட்டிக்கொண்டே கிடைக்கும் ஹாஃப்னியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும் தன்மை கொண்டது. அதனைப் பிரித்தெடுக்காவிட்டால் உலை இயங்காது. இந்த நுட்பத்தை எந்த வல்லரசும் நமக்கு வழங்கவில்லை. இந்தியப் பொதுத்துறையின் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களுமே அதனைக் கைவரப் பெற்றனர்.

ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள சிறிய எரிபொருள் கட்டு ஒன்று, உலையில் தன் ஆயுட்காலத்தில் சுமார் ஆறு லட்சம் யூனிட் மின்சாரத்தைத் தருகிறது. அதே அளவு மின்சாரத்துக்கு ஏறத்தாழ நானூறு டன் நிலக்கரியை எரிக்க வேண்டியிருக்கும். அணுசக்தியின் கவர்ச்சி இதுவே. பயன்படுத்தப்பட்ட பின் அதே கட்டு மனிதர் அருகில் செல்ல முடியாத கதிரியக்கப் பொருளாகிவிடுகிறது என்பது அதன் மறுபக்கம். இவ்விரண்டு பக்கங்களில் ஒன்றை மட்டும் பேசுவது மார்க்சியவாதிகளுக்கு அழகல்ல.

இதே நகரில்தான் 1967இல் இந்திய மின்னணுக் கழகம் தொடங்கப்பட்டு, அணுஉலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தயாரித்தது. சிறப்பு உலோகக் கலவைகளுக்கான மிதானி 1973இல் உருவானது. அணுக்கனிமங்களைத் தேடும் இயக்ககத்தின் தலைமையகமும் இங்கேதான். தெலங்கானாவின் மணுகூரு கனநீர் உற்பத்தி செய்கிறது. இவை அனைத்தும் மக்கள் பணத்தில் கட்டப்பட்டவை. தனியார் முதலாளி எவரும் அன்று இத்துறைக்கு வரவில்லை. இலாபம் கிடைக்க அரை நூற்றாண்டு காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது.

தொடக்கமும் எழுச்சியும்

1951 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ பாலைவனத்தில் ஒரு சோதனை உலை நான்கு மின்விளக்குகளை எரியவைத்தது. அணுசக்தியிலிருந்து மனிதகுலம் பெற்ற முதல் மின்சாரம் அது. மின்தொகுப்புக்கு முதன்முதலில் மின்சாரம் வழங்கிய அணுமின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் ஓப்னின்ஸ்கில் 1954 ஜூன் 27 அன்று இயங்கத் தொடங்கியது. அதன் திறன் வெறும் 5 மெகாவாட். 1956இல் பிரிட்டன் திறந்துவைத்த கால்டர் ஹால் நிலையம், அணுகுண்டுக்கான புளுட்டோனியத்தைத் தயாரிப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. மின்சாரம் அதன் துணைவிளைவு. ஹிரோஷிமாவின் நிழல் இத்துறையின் பிறப்பிலேயே படிந்திருந்தது.

அமெரிக்காவில் தனியார் நிறுவனங்களே அணுமின் நிலையங்களை நடத்த வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டபோது, காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கின. பெரும் விபத்து நேர்ந்தால் ஏற்படும் இழப்பை ஏற்க அவை தயாராக இல்லை. எனவே 1957இல் பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் கொண்டுவரப்பட்டு, நிறுவனங்களின் பொறுப்புக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இலாபம் முதலாளிக்கு, ஆபத்து சமூகத்துக்கு என்ற கோட்பாடு அன்றே சட்டமாகிவிட்டது.

1973இன் எண்ணெய் நெருக்கடி அணுமின்சாரத்தை வேகப்படுத்தியது. பிரான்சு 1974இல் மெஸ்மர் திட்டத்தை அறிவித்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகளைக் கட்டி, தனது மின்சாரத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டை அணுசக்தியிலிருந்து பெறும் நாடாக அது மாறியது. அதனைச் சாதித்தது இ.டி.எஃப். என்ற அரசு நிறுவனம். ஒரே வடிவமைப்பு, ஒரே நிறுவனம், நீண்டகாலத் திட்டமிடல் ஆகியவையே அதன் அடித்தளம். உலகெங்கும் 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட புதிய உலைகள் மின்தொகுப்புகளுடன் இணைக்கப்பட்டன. அத்தகைய வேகம் அதற்குப் பின் எங்கும் திரும்பவில்லை.

மூன்று விபத்துகள், மூன்று பாடங்கள்

1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவில் உலையின் மையப்பகுதி பகுதியளவு உருகியது. அந்நாட்டில் அணுஉலை ஆர்டர்கள் ரத்தாவது அதற்கு முன்னரே தொடங்கிவிட்டிருந்தது. செலவு பெருகியது, வட்டி ஏறியது, மின்தேவை எதிர்பார்த்த அளவு உயரவில்லை. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உலைகளுக்கான ஆர்டர்கள் அங்கே கைவிடப்பட்டன. விபத்து, சரிந்துகொண்டிருந்த கட்டடத்தின் மீது விழுந்த அடி.

1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தது. அது சோசலிச நாட்டில் நடந்தது என்பதற்காக நாம் அதனை மென்மையாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அந்த உலையின் வடிவமைப்பில் குறைபாடு இருந்தது. வலுவான காப்புக்கூடம் இல்லை. குறைபாட்டை அறிந்தவர்கள் இயக்குநர்களுக்கு முழுமையாகத் தெரிவிக்கவில்லை. பிரிப்யாத் நகர மக்கள் மறுநாள்தான் வெளியேற்றப்பட்டனர். அரசுடைமை மட்டுமே பாதுகாப்பைத் தந்துவிடாது. வெளிப்படைத்தன்மையும் உழைப்பாளர்களின் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் பொதுத்துறையும் அழிவைக் கொண்டுவரும். இது நமக்கான பாடம்.

2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமா. டெப்கோ என்ற தனியார் நிறுவனத்தின் நிலையத்தைச் சுனாமி தாக்கியது. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், அது மனிதரால் விளைந்த பேரழிவு என்றும், அரசும் ஒழுங்குமுறை அமைப்பும் நிறுவனமும் கைகோத்துச் செயல்பட்டதே அதற்குக் காரணம் என்றும் 2012இல் முடிவுரைத்தது. இழப்பீடு, தூய்மைப்படுத்தல், உலைகளை அகற்றுதல் ஆகியவற்றுக்கான செலவை ஜப்பான் அரசு 2016இல் 21.5 லட்சம் கோடி யென் என மதிப்பிட்டது. இந்திய ரூபாயில் அது பத்து லட்சம் கோடிக்கும் மேல். டெப்கோவால் அதனைத் தாங்க இயலவில்லை. அரசே அந்த நிறுவனத்தைக் கையிலெடுக்க வேண்டியதாயிற்று. இந்தத் தொகையைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

தனியார்மயத்தின் கதை

தனியார் வந்தால் அணுமின்சாரம் வளரும் என்பவர்கள் பிரிட்டனைப் பற்றிப் பேசுவதில்லை. தாட்சர் அரசு 1989இல் மின்துறையைத் தனியாருக்கு விற்கத் தொடங்கியபோது, அணுமின் நிலையங்களை வாங்க எவரும் முன்வராததால் அவற்றை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. 1996இல் புதிய உலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து பிரிட்டிஷ் எனர்ஜி என்ற பெயரில் விற்றனர். ஆறே ஆண்டுகளில், 2002இல், அந்த நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்து அரசின் நிதியுதவியில்தான் பிழைத்தது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் வோக்டில் நிலையத்தில் இரண்டு உலைகள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. ஏறத்தாழ 1,400 கோடி டாலர் என்று தொடங்கிய செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டியது. அவற்றை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 2017இல் திவால் மனு கொடுத்தது. தென் கரோலினாவில் அதே வடிவமைப்பில் தொடங்கிய இரண்டு உலைகள், சுமார் 900 கோடி டாலர் செலவிட்ட பின்னர், பாதியில் கைவிடப்பட்டன. அந்தச் செலவிலும் பெரும்பகுதி நுகர்வோரின் மின்கட்டண ரசீதில் ஏற்றப்பட்டது.

சிறிய உலைகள் மலிவானவை என்ற வாதமும் இப்போது பரப்பப்படுகிறது. அமெரிக்காவின் நியூஸ்கேல் நிறுவனம் யூட்டா மாநில நகராட்சிகளுக்காகத் திட்டமிட்ட சிறிய உலைத் தொகுப்பில், ஒரு மெகாவாட் மணிக்கு 58 டாலர் என்றிருந்த விலை 89 டாலராக ஏறியது. 2023 நவம்பரில் அந்தத் திட்டமே ரத்து செய்யப்பட்டது.

பிரான்சிலும் பழைய கதை தொடரவில்லை. இ.டி.எஃப். பங்குச்சந்தைக்குக் கொண்டுவரப்பட்டது; கட்டுமான அனுபவம் சிதறியது. ஃபிளாமான்வில் உலையின் பணி 2007இல் தொடங்கியது. 330 கோடி யூரோ என மதிப்பிட்ட செலவு நான்கு மடங்காகி, 2024 டிசம்பரில்தான் மின்தொகுப்பில் இணைந்தது. 2023இல் பிரெஞ்சு அரசு அந்த நிறுவனத்தை மீண்டும் முழுமையாக அரசுடைமையாக்கியது. அதே 2023இன் ஏப்ரலில் ஜெர்மனி தனது கடைசி மூன்று உலைகளையும் மூடியது.

எங்கே வளர்கிறது?

இன்று உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 440 உலைகள் மின்சக்தி தருகின்றன. 1990களின் நடுவில் உலக மின்சாரத்தில் அணுசக்தியின் பங்கு 17 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இப்போது அது சுமார் 9 விழுக்காடு. உற்பத்தி அளவு குறையவில்லை. மற்ற ஆதாரங்கள் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டன.

உண்மையான வளர்ச்சி சீனத்தில் நிகழ்கிறது. 1991 இறுதியில் சின்ஷான் நிலையத்தின் 300 மெகாவாட் உலையோடு தொடங்கிய அந்நாட்டில் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகள் இயங்குகின்றன; உலகில் கட்டப்பட்டுவரும் உலைகளில் ஏறத்தாழ பாதி அங்கே உள்ளன. அனைத்தும் அரசு நிறுவனங்களின் தலைமையில் நடப்பவை. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் புதிய அனுமதிகளை நிறுத்தி, எல்லா நிலையங்களையும் ஆய்வு செய்த பின்னரே சீனம் மீண்டும் முன்னேறியது. இவ்வளவுக்குப் பின்னரும் அதன் மொத்த மின்சாரத்தில் அணுசக்தியின் பங்கு 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது; சூரிய ஒளியும் காற்றும் அங்கே அதைவிட வேகமாக வளர்கின்றன.

வங்கதேசத்தின் ரூப்பூர், துருக்கியின் அக்குயு, எகிப்தின் எல் தபா ஆகிய இடங்களில் ரஷ்யாவின் ரோசாட்டம் என்ற அரசு நிறுவனமே உலைகளைக் கட்டுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் நான்கு உலைகளைக் கட்டி முடித்தது தென்கொரியா. அதன் அணுமின் நிறுவனமும் அரசின் பெரும்பான்மைப் பங்கில் உள்ள மின்கழகத்தைச் சேர்ந்தது. எனவே உலக அனுபவம் சொல்வது தெளிவானது. அணுமின்சாரம் எங்கெல்லாம் வளர்ந்ததோ அங்கெல்லாம் அரசின் மூலதனமும் திட்டமிடலும் அதன் முதுகெலும்பாக இருந்தன. சந்தையிடம் ஒப்படைத்த இடங்களில் அது தேங்கியது.

பிலிப்பைன்சின் அனுபவத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சர்வாதிகாரி மார்க்கோஸ் காலத்தில் வெஸ்டிங்ஹவுஸ் கட்டிய பத்தான் நிலையம் 1980களின் நடுவில் முடிக்கப்பட்டது. எரிமலைக்கும் நிலநடுக்கப் பகுதிக்கும் அருகில் இருந்ததால் ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தி செய்யாமல் மூடிக்கிடக்கிறது. அதற்கான கடனை அந்நாட்டு மக்கள் 2007 வரை கட்டித் தீர்த்தனர்.

இந்தியாவின் பாதை

டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்சரா ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் மையம் நமது கடற்கரை மணலில் உள்ள தோரியம். 1969இல் தாராப்பூரில் அமெரிக்க உலைகள் வந்தன. ராஜஸ்தானில் கனடாவின் உதவி கிடைத்தது. 1974 மே மாதம் பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா வெளியேறியது. தாராப்பூருக்கான எரிபொருளை அமெரிக்கா மறுத்தது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான் ஐதராபாத்தின் எரிபொருள் கட்டுகளும் நமது கனநீர் ஆலைகளும் நாட்டைத் தாங்கின. 1983இல் கல்பாக்கத்தில் இந்தியப் பொறியாளர்களே கட்டிய முதல் அணுமின் உலை இயங்கியது. 2023இல் காக்ராப்பாரில் முதல் 700 மெகாவாட் உள்நாட்டு உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது.

இதனால் குறைகளே இல்லை என்று பொருளல்ல. 2000ஆம் ஆண்டுக்குள் 10,000 மெகாவாட் என்று 1984இல் இலக்கு வைத்தனர். அந்த ஆண்டில் எட்டியது அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இன்றைய மொத்தத் திறனும் சுமார் 8,800 மெகாவாட். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலைக்கான பணி 2004இல் தொடங்கியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் ஆரம்பமானது. இவற்றுக்குப் பொதுத்துறையின் இயல்பைக் காரணம் காட்டுகிறார்கள். சுரங்கத்துக்கும் உலைக்கும் உரிய காலத்தில் முதலீடு செய்யாமல், தாராளமயக் கொள்கையின் பெயரில் பொது முதலீட்டைச் சுருக்கியவர்கள் யார் என்பதைக் கூறுவதில்லை.

2008இன் வாக்குறுதி

இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து 2008 ஜூலையில் இடதுசாரிக் கட்சிகள் மத்திய அரசுக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டன. வளர்ச்சியின் எதிரிகள் என்று அன்று நம்மைத் தூற்றாத ஏடுகள் குறைவு. அந்த உடன்பாடு நாட்டின் சுயேச்சையான வெளியுறவுக் கொள்கையைக் கட்டிப்போடும் என்றும், விலையுயர்ந்த இறக்குமதி உலைகளை நம் தலையில் கட்டும் என்றும் நாம் கூறினோம். அதன் பின் என்ன நடந்தது? மகாராஷ்டிரத்தின் ஜெய்தாப்பூருக்குப் பிரெஞ்சு உலைகள், ஸ்ரீகாகுளத்தின் கொவ்வாடாவுக்கு வெஸ்டிங்ஹவுஸ் உலைகள் என அறிவிப்புகள் வந்தன. இன்றுவரை அந்த உடன்பாட்டின் பயனாக ஓர் அமெரிக்க உலையோ பிரெஞ்சு உலையோ ஒரு யூனிட் மின்சாரம் தரவில்லை. இடையில் வளர்ந்தவை உள்நாட்டு உலைகளும், 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொடங்கிய கூடங்குளமுமே.

செலவை ஒப்பிட்டாலும் உண்மை விளங்கும். 2017இல் ஒப்புதல் பெற்ற பத்து 700 மெகாவாட் உள்நாட்டு உலைகளின் மதிப்பீடு 1,05,000 கோடி ரூபாய். அதாவது ஒரு மெகாவாட்டுக்கு 15 கோடி. வோக்டில் உலைகளின் செலவைக் கணக்கிட்டால் ஒரு மெகாவாட்டுக்கு நூறு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. இரு நாடுகளின் கூலியும் விலைவாசியும் வேறு; நமது மதிப்பீடும் கட்டுமானத் தாமதத்தால் உயரக்கூடும். இவற்றுக்கெல்லாம் இடம் விட்ட பின்னரும் இந்த இடைவெளி மறைந்துவிடாது. தாபோலில் என்ரான் விட்டுச்சென்ற சுமையை நினைவில் கொண்டிருக்கும் எவரும் இந்தக் கணக்கைப் புறக்கணிக்க மாட்டார்கள்.

புதிய சட்டம் எதை மாற்றுகிறது?

2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(ஆ) பிரிவு, குறைபாடுள்ள கருவியால் விபத்து நேர்ந்தால் அதனை வழங்கிய நிறுவனத்திடம் இழப்பீட்டைத் திரும்பப் பெறும் உரிமையை நிலையத்தை நடத்துபவருக்கு அளித்தது. அந்தப் பிரிவு ஆட்சியாளர்களின் கருணையால் வந்ததல்ல. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மடிந்ததும், 1989இல் 47 கோடி டாலருக்கு யூனியன் கார்பைடு கணக்கை முடித்துக்கொண்டதும் மக்கள் மனத்தில் ஏற்படுத்திய கோபமே அதனை நாடாளுமன்றத்தில் எழுதவைத்தது. இடதுசாரிகள் அதற்காகத் தொடர்ந்து போராடினர்.

அமெரிக்க நிறுவனங்கள் பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பிரிவை நீக்கக் கோரின. புதிய சட்டம் அவர்களின் கோரிக்கையை நிறைவேற்றியுள்ளது. ஒப்பந்தத்தில் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டிருந்தாலோ, தீங்கிழைக்கும் நோக்கத்தோடு செய்திருந்தாலோ மட்டுமே இனி இழப்பீட்டைத் திரும்பப் பெற முடியும். கருவியில் குறை என்பது இனி ஒரு காரணமாகாது. நிலையத்தை நடத்துபவரின் பொறுப்புக்கும் உச்சவரம்பு உண்டு; மிகப்பெரிய உலைகளுக்கு அது 3,000 கோடி ரூபாய். ஃபுகுஷிமாவின் செலவு பத்து லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று சற்று முன் பார்த்தோம். இடைப்பட்ட அந்தப் பெரும் பள்ளத்தை யார் நிரப்புவார்கள்? வரி செலுத்தும் மக்களும், நிலத்தையும் கடலையும் இழந்தவர்களுமே.

அணுமின் நிலையங்களைச் சொந்தமாக வைத்திருந்து நடத்தத் தனியாருக்கு உரிமம் வழங்கப்படும். எரிபொருள் தயாரிப்பிலும் தனியார் நுழைய வழி திறக்கப்பட்டுள்ளது. இது ஐதராபாத்தின் தொழிலாளர்களுக்கு நேரடியாக விடப்பட்ட சவால். அரை நூற்றாண்டாக அணு எரிபொருள் வளாகம் திரட்டிய அறிவை எடுத்துச் சென்று இலாபம் ஈட்டவும், பின்னர் அந்த வளாகத்தையே 'போட்டியிட முடியாத நிறுவனம்' என்று பழிக்கவும் இனி வழியுண்டு. தொலைத்தொடர்பில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு நேர்ந்ததை இந்நகரத் தொழிலாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த அவசரம் யாருக்காக? 2025-26 வரவுசெலவுத் திட்டம் சிறிய உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்று இலக்கு அறிவித்தது. அதற்கு முன்பே, 2024 டிசம்பர் இறுதியில், தொழில் நிறுவனங்கள் தமது சொந்தத் தேவைக்கு 220 மெகாவாட் உலைகளை அமைத்துக்கொள்ள அழைப்பு விடுக்கப்பட்டது. அமெரிக்காவில் மூன்று மைல் தீவின் மூடப்பட்ட மற்றோர் உலையை மீண்டும் இயக்கி, அதன் மின்சாரத்தை மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களுக்கு இருபது ஆண்டுகள் வழங்க 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் போடப்பட்டது. ஐதராபாத்தைச் சுற்றிலும் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. பொதுத்துறையின் வடிவமைப்பு, பொது மக்களின் ஆபத்து, பெருநிறுவனங்களின் மின்சாரம்: இதுவே உருவாகிவரும் ஏற்பாடு.

மக்களை விட்டுவிட்டு வளர்ச்சி இல்லை

அறிவியலை ஆதரிக்கும் நாம் அணுசக்தியை எதிர்க்கும் மக்களோடு எப்படி நிற்பது என்ற கேள்வி தோழர்களிடையே அடிக்கடி எழுகிறது. கூடங்குளம் போராட்டத்தின்போது தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. இடிந்தகரை மீனவர்கள் கேட்டவை எளிய கேள்விகள். சூடான நீர் கடலில் கலந்தால் மீன் என்னவாகும்? விபத்து நேர்ந்தால் எந்தச் சாலையில் வெளியேறுவது? கழிவு எங்கே போகும்? இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்வதற்கு மாறாக, ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. விடை சொல்லத் தயாராக இல்லாத அரசு அறிவியலின் பக்கம் நிற்பதாகக் கூறிக்கொள்ள முடியாது.

நல்லமலை வனத்தில் யுரேனியம் தேடும் முயற்சியைச் செஞ்சு பழங்குடியினரும் அவர்களோடு நின்ற இயக்கங்களும் எதிர்த்தபோது, 2019 செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றமே அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய லம்பாப்பூர்-பெத்தகட்டு சுரங்கத் திட்டமும் மக்கள் எதிர்ப்பால் நின்றது. ஜாதுகுடாவின் பழங்குடி மக்கள் கழிவுக்குட்டைகளின் அருகில் வாழும் நிலை பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. ஐதராபாத்தில் தூய்மையாகப் பளபளக்கும் ஒவ்வொரு வில்லையின் பின்னாலும் இந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காத எந்த மலிவும் மலிவல்ல.

நமது கடமைகள்

தோழர்களே, அணுசக்தி என்றாலே ஏற்பது, அணுசக்தி என்றாலே எதிர்ப்பது ஆகிய இரண்டும் சிந்திக்கும் வேலையை நம்மிடமிருந்து பறித்துவிடுகின்றன. பருவநிலை நெருக்கடி மெய்யானது. நிலக்கரியை என்றென்றும் எரித்துக்கொண்டிருக்க முடியாது. சூரிய ஒளி, காற்று, நீர் ஆகியவற்றோடு உள்நாட்டு அணுசக்திக்கும் ஓர் அளவான இடம் இருக்கலாம். அந்த இடம் எவ்வளவு என்பதை விலையும் பாதுகாப்பும் மக்களின் ஒப்புதலும் தீர்மானிக்க வேண்டும்; வாஷிங்டனில் போடும் ஒப்பந்தங்கள் தீர்மானிக்கக் கூடாது.

இதிலிருந்து நமது கோரிக்கைகள் பிறக்கின்றன. கருவி வழங்குபவரின் பொறுப்பு மீண்டும் சட்டமாக வேண்டும். அணுமின் உற்பத்தியும் எரிபொருள் தயாரிப்பும் பொதுத்துறையிலேயே நீடிக்க வேண்டும். உள்நாட்டு உலைகளுக்கு உரிய நிதி ஒதுக்கப்பட வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பு, தான் கண்காணிக்கும் துறையிலிருந்து விலகி நின்று நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வதாக இருக்க வேண்டும். கிராமசபையின் ஒப்புதலின்றி சுரங்கமோ நிலையமோ கூடாது. சுரங்கத்திலும் ஆலையிலும் உலையிலும் பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கதிர்வீச்சுப் பதிவேடுகள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். பணியை விட்டு விலகிய பின்னரும் மருத்துவக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

இவை அறிக்கைகளில் அச்சிட்டு வைப்பதற்கான கோரிக்கைகள் அல்ல. எரிபொருள் வளாகத்தின் வாயிலிலும், பழையகாயலிலும், கல்பாக்கத்திலும், கூடங்குளத்திலும் தொழிலாளர்களிடம் கொண்டுசெல்ல வேண்டியவை. அந்தத் தொழிலாளியும் இடிந்தகரை மீனவரும் நல்லமலைப் பழங்குடியும் ஒருவருக்கொருவர் எதிரிகள் என்று நம்பவைப்பதில்தான் ஆளும் வர்க்கத்தின் வெற்றி அடங்கியிருக்கிறது. அவர்களை ஒரே மேடையில் அமரவைப்பது கடினமான பணி. ஆயினும் அதனைச் செய்யக்கூடிய இயக்கம் நம்முடையதே.

பஷீர்பாக்கில் கால் நூற்றாண்டுக்கு முன்னர் சிந்திய குருதி, மின்சாரம் மக்களின் உரிமை என்ற முழக்கத்துக்காகச் சிந்தப்பட்டது. எந்த எரிபொருளில் பிறந்தாலும் அந்த மின்சாரம் மக்களுடையதாகவே இருக்க வேண்டும். அதன் ஆபத்தை மட்டும் மக்களிடம் ஒப்படைக்கும் சட்டத்தை எதிர்த்துப் போராடுவோம்.